பிரெஞ்சுப் புரட்சியும் ஆயர் கிரெகுவாரும்: சபையைப் பிளந்தவரா, காப்பாற்றியவரா?

தெருவிளக்கு:

வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி என்று இழை திறந்தாலே பேச்சு ரொபெஸ்பியேரையும் தாந்தோனையும் சுற்றியே போய்விடுகிறது. அதற்குள் சிக்கிய குருமார்களைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. ஆன்றி கிரெகுவார் என்ற லொரேன் பகுதிப் பங்குச்சாமியாரைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

1750-இல் லூனேவில் பக்கம் வேஓ என்ற சிற்றூரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர். யேசு சபையாரிடம் படித்து, 1775-இல் குருப்பட்டம் பெற்று, 1782 முதல் எம்பெர்மெனில் கிராமத்தின் பங்குக்குரு. அங்கே குடியானவர்களுக்கென்று ஒரு நூலகம் வைத்திருந்தார். பக்தி நூல்களோடு பயிர்த்தொழில், உடல்நலம் பற்றிய புத்தகங்களும் அதில் இருந்தன. 1789-இல் அரசன் குருக்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று நிலைகளின் பேரவையைக் கூட்டியபோது, நான்சி வட்டாரக் குருக்கள் அவரை வெர்சாய்க்கு அனுப்பினார்கள். குருக்கள் நிலையை விட்டு மூன்றாம் நிலையோடு போய்ச் சேர்ந்த முதல் சிலரில் அவரும் ஒருவர். அரசியலமைப்பு எழுதாமல் கலைவதில்லை என்று அவர்கள் எடுத்த பந்தாட்டக்கூட உறுதிமொழியை ஓவியர் தாவீது வரைந்த படத்தில் முன்வரிசையில் மூன்று பேர் தழுவி நிற்பார்கள். ஒருவர் கத்தோலிக்கத் துறவி, இன்னொருவர் புரொட்டஸ்டண்ட் போதகர், நடுவில் இருவரையும் சேர்த்துப் பிடித்திருப்பவர் கிரெகுவார்.

அவர் வாழ்க்கையில் இரண்டு நாள்களை மட்டும் இங்கே வைக்கிறேன்.

1793 நவம்பர் 7. பாரிஸ் ஆயர் கோபெல் தேசிய மன்றத்துக்கு வந்து, தம் குருத்துவப் பொறுப்பைத் துறப்பதாக அறிவிக்கிறார். மன்றம் கைதட்டுகிறது. குருக்களாக இருந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராய் எழுந்து அதையே செய்கிறார்கள். அதற்குள் ஆயராகியிருந்த கிரெகுவாரையும் மேடைக்குத் தள்ளுகிறார்கள். அவர் மறுக்கிறார். என் பணியை நான் உங்களிடமிருந்து பெறவில்லை, என் மறைமாவட்டத்தில் நன்மை செய்ய ஆயராகவே இருப்பேன், வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கோருகிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். பயங்கர ஆட்சியின் நடுவில், தலை போகும் நேரத்தில், ஊதா அங்கியோடு அந்த மன்றத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார்.

1831 மே. சாகக் கிடக்கிறார். சாகிறவருக்குக் குரு தரும் நோயில்பூசுதல் வேண்டுமென்றால், புரட்சி மன்றத்தின் குருக்கள் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாக 1790-இல் செய்த சத்தியப்பிரமாணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று பாரிஸ் பேராயர் கெலென் சொல்கிறார். அதற்கும் மறுக்கிறார்.

குடியரசு அவரிடம் குருத்துவத்தை விடச் சொன்னது, திருச்சபை குடியரசை விடச் சொன்னது. இரண்டு வாசலிலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். ஒருவன் முழுக் கத்தோலிக்கனாகவும் முழுக் குடியரசுவாதியாகவும் இருக்க முடியும் என்று உயிரை வைத்துக் காட்டியவர் அவர் என்பது என் உறுதியான எண்ணம். மறுப்பவர்கள் வாருங்கள்.

கோயில்மணி:

தெருவிளக்கு ஐயா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு நாளைச் சொன்னவர் மூன்றாவது ஒரு நாளை விட்டுவிட்டீர்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்: 1790 டிசம்பர் 27.

குருக்கள் குடியியல் சட்டம் ஜூலை 12 அன்று நிறைவேறியது. 130-க்கு மேல் இருந்த மறைமாவட்டங்களை மாவட்டத்துக்கு ஒன்று என்று 83 ஆக்கினார்கள். ஆயரையும் பங்குக்குருவையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அந்த வாக்காளர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பாப்பரசருக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்தால் போதும். இதற்கு விசுவாசமாக இருப்பதாகக் குருக்கள் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பங்கு போய்விடும். மன்றத்தில் இருந்த குருக்களில் முதல் ஆளாக எழுந்து அந்தச் சத்தியத்தைச் செய்தவர் உங்கள் கிரெகுவார்.

அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? ஆயர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஏழு பேர்தான் சத்தியம் செய்தார்கள். பங்குக்குருக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மறுத்தார்கள். 1791 மார்ச்சிலும் ஏப்ரலிலும் பாப்பரசர் ஆறாம் பத்திநாதர் சட்டத்தைக் கண்டித்தார். அன்றிலிருந்து ஒரே ஊரில் இரண்டு சாமியார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் யாரிடம் கொடுப்பது, சாகிறவருக்குப் பாவசங்கீர்த்தனம் யார் கேட்பது என்று ஒவ்வொரு வீடும் தவித்தது. பிரத்தாஞ் பகுதியிலும் வாந்தேயிலும் சத்தியம் செய்த குருவின் பூசைக்கு ஆளே போகவில்லை. 1792 செப்டம்பரில் பாரிஸ் கார்ம் மடத்தில் அடைபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட குருக்களை வெட்டிக் கொன்றார்கள். ஆர்ல் பேராயரும் இரண்டு ஆயர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு நாந்த் நகரில் ஏறத்தாழ 90 குருக்களைப் படகில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

இவர்கள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. கிரெகுவார் முதலில் எழுந்து செய்த சத்தியத்தை இவர்கள் செய்யவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரம் என்று 1793-இல் அவர் கேட்டது நியாயமென்றால், இவர்களுக்கும் அது இருந்திருக்க வேண்டாமா?

ஏட்டுச்சுவடி:

இடையில் ஒரு தகவல். பாதிப்பேர் மறுத்தார்கள் என்றால் மறுபாதி ஏன் செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். எல்லோரும் பயந்தவர்கள் இல்லை.

புரட்சிக்கு முன் பல பங்குக்குருக்களுக்குத் தசமபாகம், அதாவது மக்கள் விளைச்சலில் சபைக்குத் தரும் பங்கு, கைக்கு வராது. அது மடத்துக்கோ மேலிடத்துக்கோ போய்விடும், இவர்களுக்கு ஒரு சிறு ஒதுக்கீடு மட்டும். 1786-இல் அதை ஏற்றியபோதுகூட ஆண்டுக்கு 700 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) தான். அதே காலத்தில் ஆயர்களுக்குப் பல்லாயிரக்கணக்கில் வருமானம், அவர்கள் அத்தனை பேரும் ஏறத்தாழப் பிரபுக் குடும்பத்தார். குடியியல் சட்டம் பங்குக்குருவுக்குக் குறைந்தபட்சம் 1,200 லிவ்ர் என்றது. தையற்காரர் மகன் ஆயர் ஆவது பழைய முறையில் கனவிலும் நடக்காது. புதிய முறையில் சார்த், லுவார்-எ-ஷேர் என்று இரண்டு மாவட்டங்கள் கிரெகுவாரைத் தேர்ந்தெடுத்தன. புளுவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டாவதை அவர் ஏற்றார்.

மன்றத்தில் சமரசத்துக்கும் முயன்றார். ஆன்மிக அதிகாரத்தில் இந்தச் சட்டம் கைவைக்கவில்லை என்று சத்தியம் செய்யும்போதே விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் பிறருக்குப் போதவில்லை.

தெருவிளக்கு:

//மனச்சாட்சிச் சுதந்திரம் என்று 1793-இல் அவர் கேட்டது நியாயமென்றால், இவர்களுக்கும் அது இருந்திருக்க வேண்டாமா?//

இருந்திருக்க வேண்டும். கோயில்மணி ஐயா கேட்பது சரியான கேள்வி. ஆனால் சத்தியம் செய்யாதவரைக் கொல் என்று கிரெகுவார் எங்கே சொன்னார்? 1794 டிசம்பர் 21 அன்று மன்றத்தில் எழுந்து எல்லா வழிபாட்டுக்கும் முழுச் சுதந்திரம் கேட்டவர் அவர்தான். ரொபெஸ்பியேர் விழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, கோயில்கள் பூட்டிக் கிடந்தன. கூச்சலிட்டு அவரை உட்கார வைத்தார்கள். பேச்சு அச்சாகி ஊரூராய்ப் பரவியது. இரண்டு மாதத்தில், 1795 பிப்ரவரி 21 அன்று, அதே மன்றம் வழிபாட்டுச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டி வந்தது.

கோயில் கதவு மறுபடி திறந்தபோது உள்ளே வந்தவர்களில் சத்தியம் செய்யாத குருக்களும் இருந்தார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

கனல்:

இங்கே எல்லோரும் சத்தியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த மனிதர்மேல் இருக்கும் கோபம் வேறு.

1794 ஜூன் 4. வட்டார மொழிகளை அழித்தொழித்துப் பிரெஞ்சு மொழியை எங்கும் பரப்ப வேண்டியதன் அவசியமும் வழிகளும் என்று தலைப்பிட்டு மன்றத்தில் அறிக்கை வாசித்தார் கிரெகுவார். ‘அழித்தொழிப்பது’ என்றே தலைப்பில் இருக்கிறது, நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர் தந்த கணக்கு: நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது, இன்னொரு 60 லட்சம் பேருக்குத் தொடர்ந்து உரையாட வராது, சுத்தமாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை. நாட்டின் மொத்த மக்கள்தொகை அப்போது இரண்டரைக் கோடியைத் தாண்டியது. அதாவது பெரும்பான்மை மக்களின் வீட்டு மொழி அவர் கண்ணுக்கு ஒரு நோயாகத் தெரிந்திருக்கிறது.

பிரெத்தோன், பாஸ்க், ஒக்ஸித்தான், அல்சாஸின் ஜெர்மன் என்று எத்தனை மொழிகள்! பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் அடையாளக் கட்டையைத் தொங்கவிட்டுத் தண்டித்த வழக்கமெல்லாம் இந்தச் சிந்தனை போட்ட பாதையில் வந்ததுதான். மொழியைத் திணிப்பது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் உரிமை கேட்ட வாய், பிரெத்தோன் கிழவியின் வாயை ஏன் அடைக்கப் பார்த்தது?

வாசிகசாலை:

கனல், உங்கட கோபம் விளங்குது. நானும் அந்த அறிக்கையை வாசிச்சு மனம் நொந்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில வைக்க வேணும். அதே ஆண்டு ஜனவரியில பரேர் என்பவர், கூட்டாட்சிவாதமும் மூடநம்பிக்கையும் பிரெத்தோன் பேசுகின்றன என்று மன்றத்திலேயே சொன்னார். அவருக்கு அந்த மொழி பேசுறவன் எதிரி. கிரெகுவாருக்கு அவன் படிக்க வேண்டிய குடிமகன். சட்டம் எந்த மொழியில இருக்குதோ அந்த மொழி தெரியாதவன் என்றைக்கும் வக்கீலுக்கும் பிரபுவுக்கும் அடிமை என்றது அவரின்ர கவலை.

அதோட, 1790 ஆகஸ்டில 43 கேள்விகளை அச்சடிச்சு நாடு முழுக்க அனுப்பினவர் அவர். உங்கட ஊர்ப் பேச்சில உயிரெழுத்து எப்படி ஒலிக்குது, கோயிலில எந்த மொழியில பிரசங்கம் வைக்கினம் என்றெல்லாம் கேட்டவர். திரும்பி வந்த பதில்கள்தான் அந்தக் காலத்துப் பேச்சுமொழிகளைப் பற்றி இண்டைக்கு ஆய்வாளர்களிட்ட இருக்கிற பெரிய சேமிப்பு. அழிக்க நினைச்சவர் அதுகளைப் பதிஞ்சும் வைச்சிட்டார்.

இதுக்காக அந்த அறிக்கையை நான் மன்னிக்கேல்லை. பிரெஞ்சையும் படி, உன்ர மொழியும் இருக்கட்டும் என்று ஒரு வரி அவர் எழுதியிருக்கலாம். எழுதேல்லை.

யூதர் விஷயத்திலயும் இதே மனசுதான் வேலை செய்யுது. 1788-இல் மெட்ஸ் கல்விக்கழகம் வைச்ச போட்டியில பரிசு வாங்கின மூன்று பேரில அவரும் ஒருவர். அல்சாஸ் யூதர்கள் ஸ்திராஸ்பூர்க் வாசலால போறதுக்கு, 1784 வரைக்கும், கால்நடைக்குக் கட்டுற மாதிரித் தலைவரி கட்டினவை. அந்தக் கொடுமையைப் பார்த்து, குறை அவர்களில இல்லை, நாங்கள் அவர்களை வைச்சிருந்த நிலையில இருக்குது என்று ஒரு கத்தோலிக்கக் குரு எழுதினது சின்ன விஷயமில்லை. அதே நேரம் அவர்களை ‘மீட்டுப் புதுப்பிக்க’ வேணும் என்றதும் அவர்தான். உரிமை கிடைச்சால் மெல்ல மெல்லத் தங்கட தனித்தன்மையை விட்டுக் கிறிஸ்துவிட்ட வருவினம் என்ற நம்பிக்கை உள்ளே இருந்தது. மற்றவனைச் சமமாக்க வேண்டும் என்றால் தன்னைப் போல ஆக்க வேண்டும் என்று நினைச்ச மனுசன் அவர். எனக்கு அவரில பிடிக்காதது அதுதான்.

தெருவிளக்கு:

வாசிகசாலை அக்கா சொன்னதில் கடைசிப் பகுதி என்னை யோசிக்க வைக்கிறது, மறுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1789 டிசம்பரில் யூதருக்குக் குடியுரிமை கூடாது என்று பேசியவர் நான்சி ஆயர் லா ஃபார். அதாவது கிரெகுவார் எந்த மறைமாவட்டத்துக் குருவோ அந்த ஆயர். சொந்த ஆயருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். 1791 செப்டம்பர் 27 அன்று நாட்டின் எல்லா யூதருக்கும் உரிமை வந்தது.

கடலோடி:

தாமதமாக வருகிறேன். அடிமை வணிகம் பற்றி யாரும் விரிவாகத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கறுப்பர் நண்பர்கள் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கடைசி வரை கிரெகுவார் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இது. மற்றக் கொள்கைகளில் காலத்துக்கேற்ப வளைந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம், இதில் அவர் வளையவே இல்லை. 1791 மே 15 அன்று, சுதந்திரப் பெற்றோருக்குப் பிறந்த கலப்பினத்தவருக்கு மட்டும் வாக்குரிமை என்று ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு நிறைவேறியது. உடனே அவர் குடியேற்றங்களில் இருந்த அந்த மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு நாள் உங்கள் நடுவே சூரியன் சுதந்திர மனிதர்கள்மீது மட்டுமே ஒளி வீசும் என்று அதில் ஒரு வரி. ஆகஸ்டில் சான் டொமிங்கில் (இன்றைய எயிட்டி) அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும் தோட்ட முதலாளிகள் இந்தக் கடிதத்தைக் காட்டி, இந்தச் சாமியார்தான் தீ வைத்தார் என்று கத்தினார்கள். செப்டம்பரில் அந்தச் சின்ன உரிமையையும் மன்றம் பறித்துக்கொண்டது.

1794 பிப்ரவரி 4 அன்று அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1802-இல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இதைப் பற்றி வாய் திறக்கப் பிரான்சில் ஆள் குறைவு. 1808-இல், பேரரசு உச்சத்தில் இருந்தபோது, கறுப்பினத்தவரின் அறிவையும் இலக்கியத்தையும் பற்றிக் கிரெகுவார் ஒரு முழுநூல் வெளியிட்டார். கவிஞர் பிலிஸ் வீட்லி, தன்வரலாறு எழுதிய ஒலாடா எக்குவியானோ, ஜெர்மனியில் தத்துவம் கற்பித்த அந்தோன் வில்லெம் அமோ என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துவைத்தார். கறுப்பருக்கு அறிவு குறைவு என்ற ஐயத்தைத் தம் நூலில் எழுதியிருந்த அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு பிரதி அனுப்பினார். 1809 பிப்ரவரியில் ஜெஃபர்சன் அவருக்கு மிகப் பணிவாகப் பதில் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் தம் நண்பர் ஜோயல் பார்லோவுக்கு எழுதிய கடிதத்தில், அந்த ஆயருக்குத் தான் மென்மையான பதில் அனுப்பியதாகவும், அவர் கேட்ட கதைகளையெல்லாம் நம்பித் தொகுத்துவிட்டதாகவும் எழுதினார். சுதந்திரப் பிரகடனம் எழுதியவர் ஒரு பக்கம், கிராமத்துப் பங்குச்சாமியார் ஒரு பக்கம். இந்த விஷயத்தில் யார் கண் திறந்திருந்தது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

நம் கடலோடும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1794 சட்டம் இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரெஞ்சுத் தீவுகளில், அதாவது இன்றைய மொரீஷியசிலும் ரெயூனியனிலும், நடைமுறைக்கு வரவே இல்லை. அதை அமல்படுத்த 1796-இல் பாரிஸிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளை வெள்ளை முதலாளிகள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீவுகளின் அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுபோனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கோயில்மணி:

கடலோடி தம்பி எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். அந்த விஷயத்தில் அவர் நற்செய்தியின்படி நடந்தார். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அரசன் விஷயத்துக்கு வாருங்கள். 1792 செப்டம்பர் 21 அன்று முடியாட்சியை ஒழிக்கும் தீர்மானத்துக்கு வலுச்சேர்த்துப் பேசினார். பௌதிக உலகில் அரக்கப் பிறவிகள் எப்படியோ ஒழுக்க உலகில் மன்னர்கள் அப்படி என்றும், மன்னர்களின் வரலாறு மக்களினங்களின் வேதசாட்சிப் பட்டியல் என்றும் சொன்னார். வேதசாட்சி என்பது நாங்கள் பீடத்தில் வைக்கும் வார்த்தை. ஒரு ஆயர் அதை எடுத்து இப்படி வீசலாமா? நவம்பரில் அரசனை விசாரிக்கச் சொல்லிப் பேசினார். ஜனவரியில் அரசனைக் குற்றவாளி என்று தீர்க்கச் சொல்லிச் சவோயிலிருந்து கடிதம் அனுப்பினார். மன்னர்களை அவ்வளவு வெறுத்தவர் 1808-இல் நெப்போலியனிடம் கோமகன் பட்டம் பெற்றதையும் மறக்கக் கூடாது.

ஏட்டுச்சுவடி:

சவோய்க் கடிதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் பிற்கால வாழ்க்கையே அதனால் கெட்டது.

புதிதாக இணைத்த சவோயை நிர்வகிக்க அனுப்பிய நான்கு உறுப்பினர்களில் அவர் ஒருவர். வாக்கெடுப்பு நடந்தபோது பாரிஸில் இல்லை. நால்வரும் சேர்ந்து கடிதம் அனுப்பினார்கள். வரைவில் மரண தண்டனை என்று இருந்ததாகவும், அந்தச் சொல்லை எடுத்தால்தான் கையெழுத்திடுவேன் என்று தாம் நின்றதாகவும் கிரெகுவார் சொன்னார். அனுப்பிய கடிதத்தில் தீர்ப்பு வேண்டும் என்று இருந்ததே தவிர மரணம் இல்லை. நவம்பர் பேச்சிலும் விசாரணை கேட்டார், அதே பேச்சில் மரண தண்டனையை நாட்டிலிருந்தே ஒழிக்கச் சொன்னார். லூயி மன்னரே அந்தச் சலுகையை முதலில் அனுபவிக்கட்டும் என்பது அவர் வாதம்.

இதையெல்லாம் கேட்க 1819-இல் யாருக்கும் பொறுமை இல்லை. முடியாட்சி திரும்பி, கொல்லப்பட்ட லூயியின் தம்பி ஆண்டுகொண்டிருந்த அந்த ஆண்டு கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்ட இசேர் மாவட்டம் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அரசனைக் கொன்றவன் அரசன் தம்பியின் மன்றத்தில் உட்காருவதா என்று தீவிர அரசவாதிகள் கொதித்தார்கள். மனதை உறுத்தும் செய்தி என்னவென்றால், மாவட்டத்துத் தீவிர அரசவாதிகள் சிலரே அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அமைச்சர்களின் மிதவாத வேட்பாளர் ஜெயிப்பதைவிட இவர் ஜெயித்துத் தேர்தல் சட்டத்துக்கே கெட்ட பெயர் வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. டிசம்பர் 6 அன்று மன்றம் அவரைச் சேர்க்க மறுத்தது. தேர்தலில் முறைகேடு என்று ஒரு சாரார், தகுதியற்றவர் என்று இன்னொரு சாரார். எந்தக் காரணத்துக்காக என்று எழுதாமலே வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு பணக்காரருக்கு இரட்டை வாக்குத் தரும் சட்டம் வந்தது.

கோமகன் பட்டம் பற்றி: அது 1808 ஆணைப்படி எல்லாச் செனட்டர்களுக்கும் தானாக வந்தது. 1804-இல் பேரரசு அமைப்பதை எதிர்த்து வாக்களித்த மிகச் சில செனட்டர்களில் கிரெகுவார் ஒருவர். பட்டத்தை மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதே என் எண்ணமும்.

தெருவிளக்கு:

கோயில்மணி ஐயாவிடம் ஒரு நேரடிக் கேள்வி. இந்த இழையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1790-இல் மறைமாவட்டங்களை அரசு மாற்றி வரைந்தது. அது சபைப்பிளவு என்றார்கள். 1801-இல் நெப்போலியனும் பாப்பரசர் ஏழாம் பத்திநாதரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் என்ன நடந்தது? மறைமாவட்டங்களை 60 ஆகக் குறைத்தார்கள், 1790-ஐவிடக் குறைவு. ஆயர்களைப் பெயர் சொல்லி நியமிப்பது அரசுத் தலைவர். குருக்கள் அரசுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய வேண்டும். விற்றுப்போன சபைச் சொத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பக் கூடாது. இதற்காகப் பழைய ஆயர்கள் எல்லோரும் பதவி விலக வேண்டும் என்று பாப்பரசரே கேட்டார். சத்தியம் செய்ய மறுத்து, வெளிநாடுகளில் வறுமையில் வாடி, உரோமைக்கு உண்மையாக இருந்த ஆயர்களிடம்! முப்பதுக்கு மேற்பட்டவர்கள் விலக மறுத்தார்கள், அவர்கள் பின்னால் போனவர்கள் ‘சிறிய சபை’ என்று தனியாகப் பிரிந்தார்கள். புதிய ஆயர்களில் 12 பேர் முன்பு சத்தியம் செய்த அரசியலமைப்பு ஆயர்கள்.

பத்தாண்டு இரத்தம் சிந்தியபின், சத்தியம் செய்த பாதியும் செய்யாத பாதியும் ஒரே பீடத்தைச் சுற்றி நின்றார்கள். கிரெகுவார் 1797-இலும் 1801-இலும் பாரிஸில் தேசியச் சங்கம் (ஆயர்களும் குருக்களும் கூடும் பேரவை) கூட்டி, தம் சபையைத் தேர்தலோடும் ஆலோசனையோடும் தட்டித் தூக்கி நிறுத்தியிருந்தார். ஒப்பந்தம் அதை அப்படியே கலைத்தது. அவரும் புளுவாவை விட்டு விலகினார். 1790-இல் பாவம் என்றது 1801-இல் எப்படிச் சரியானது?

கோயில்மணி:

பதில் ஒரு வரிதான் ஐயா. 1801-இல் பேதுருவின் வாரிசான பாப்பரசர் கையெழுத்திட்டார், 1790-இல் அவரிடம் கேட்கவே இல்லை.

நீங்கள் எல்லையையும் சம்பளத்தையும் பார்க்கிறீர்கள். நான் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். மறைமாவட்டம் 83 இருந்தாலும் 60 இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு ஆயரை ஆயராக்குவது வாக்குப்பெட்டியா, திருத்தூதர் வழிவரும் ஒன்றிப்பா? கார்ம் மடத்தில் செத்தவர்கள் இந்த ஒரு கேள்விக்காகச் செத்தார்கள். 1926-இல் செப்டம்பர்ப் படுகொலையில் இறந்த 191 பேரை அருளாளர்களாக உயர்த்தியது திருச்சபை. அந்தப் பழைய ஆயர்களிடம் பாப்பரசர் விலகக் கேட்டது கொடுமை, என் நெஞ்சு அவர்களோடுதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் விலகினார்கள். கீழ்ப்படிதலுக்கு விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். கிரெகுவார் அந்த விலையைக் கொடுக்கவில்லை.

கனல்:

அப்படியென்றால் சாகும் நேரத்தில் ஒரு கிழவருக்கு நோயில்பூசுதலை மறுத்தது சரிதானா?

கோயில்மணி:

கெலென் பேராயர் கைகள் கட்டப்பட்டிருந்தன. பாப்பரசர் கண்டித்த ஒரு சத்தியத்தைப் பகிரங்கமாகச் செய்தவர், அதில் பகிரங்கமாக நிலைத்திருப்பவர். ஒரு சொல் போதும் என்று கேட்டார்.

தெருவிளக்கு:

அந்த ஒரு சொல்லை, என் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சொல்ல மாட்டேன் என்று கிரெகுவார் நின்றார். சத்தியம் செய்யாத குருக்கள் 1791-இல் நின்ற அதே நிலை இது. முதல் பதிவுக்கு நீங்கள் எழுதிய பதிலில் மனச்சாட்சிச் சுதந்திரம் கேட்டீர்களே, அது 1831-க்கும் பொருந்தாதா?

கியோன் என்ற குரு பேராயரின் தடையை மீறிப் போய் அருளடையாளங்களைக் கொடுத்தார். அதன் விலையையும் அவர் கொடுத்தார்: புதிய அரசு அவருக்குப் போவே மறைமாவட்டத்தைத் தந்தபோது அது கைகூடவில்லை. அடக்கத் திருப்பலிக்குப் பங்குக்குருக்கள் வரவில்லை. வெளியே மாணவர்களும் தொழிலாளர்களும் சவ வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மோன்பர்னாஸ் கல்லறை வரை தாங்களே இழுத்துப்போனார்கள். ஏறத்தாழ 20,000 பேர் பின்னால் நடந்தார்கள். எயிட்டியிலும் அவருக்காகத் துக்கம் கொண்டாடினார்கள்.

புதுமுகம்:

இழையை முழுக்கப் படித்தேன், நன்றி. 1989-இல் அவர் உடலைப் பாரிஸில் நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்கு மாற்றினார்கள் அல்லவா? அப்போது திருச்சபை என்ன செய்தது?

ஏட்டுச்சுவடி:

1989 டிசம்பர் 12, புரட்சியின் இருநூற்றாண்டு. அறிஞர்கள் கொந்தோர்சே, மோன்ஜ் இருவரோடு சேர்த்து மாற்றினார்கள். குடியரசுத் தலைவர் மித்தெரான் முன்னின்று நடத்தினார். பாரிஸ் பேராயர் கர்தினால் லுஸ்திஜே வரவில்லை. அவர் யூதப் பெற்றோருக்குப் பிறந்து, பதின்பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தாய் அவுஷ்விட்சில் இறந்தார்.

வாசிகசாலை:

யூதருக்குக் குடியுரிமை கேட்ட குருவுக்கு, யூதராய்ப் பிறந்த பேராயர் மரியாதை செலுத்தப் போயிருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும். அவர் போகாமல் விட்டதை என்னால ஏற்க முடியேல்லை.

கோயில்மணி:

நான் ஏற்கிறேன் அம்மா. லுஸ்திஜே அப்போது பாரிஸின் பேராயர். கார்ம் மடம் அவர் மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கிறது, அங்கே வெட்டுப்பட்ட குருக்களின் எலும்புகள் இன்றும் நிலவறையில் இருக்கின்றன. அந்தக் குருக்களின் வாரிசாக இருந்துகொண்டு அவர் அந்த விழாவில் போய் நிற்க முடியாது. கிரெகுவார் அடிமைகளுக்கும் யூதருக்கும் செய்ததற்காக நான் அவருக்கு ஒரு பூசை வைக்கச் சொல்வேன். சத்தியத்துக்காக வைக்க மாட்டேன்.

தெருவிளக்கு:

அந்தப் பூசை 1831-இலேயே நடந்திருந்தால் நமக்கு இந்த இழையே தேவைப்பட்டிருக்காது ஐயா. 1797 தேசியச் சங்கத்தின் முடிவுகளைப் பற்றித் தனி இழை திறக்கிறேன். ஆயரை மக்கள் தேர்ந்தெடுப்பது ஆதித் திருச்சபையில் இருந்த வழக்கம் என்பது அங்கே அவர்கள் வைத்த முக்கிய வாதம். அந்த வாதத்துக்கு உங்கள் பதிலைக் கட்டாயம் எதிர்பார்க்கிறேன்.